மரணச் செலவுக்கு வைத்த காசும் 15 கம்பனிகளும்: நம் சங்க நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயா, செயலாளர் தம்பி, பொருளாளர் தங்கச்சி, நிர்வாகக் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில், நம் சங்கத்தின் சேமநிதியைப் போடப் பார்க்கிற பங்கு நிதியத்தைப் பற்றிக் கொழும்பிலிருந்து வந்த தம்பி ப்ரொஜெக்டரில் படம் போட்டுக் காட்டி முடித்தபோது மணி ஐந்தே முக்கால். மண்டபத்தைப் பூட்டுவதற்குக் காவலாளி வாசலில் வந்து நின்றுவிட்டார். கேள்வி கேட்க இரண்டு பேருக்குத்தான் நேரம் கிடைத்தது, அதில் நான் இல்லை. அதனால் எழுதுகிறேன். உங்கள் கையில் தனியாக ஒரு கடிதம் தந்திருக்கலாம், ஆனால் இது திருகோணமலையில் உப்புவெளியிலிருந்து பாலையூற்று வரைக்கும் 300க்கு மேற்பட்ட குடும்பங்கள் மாதம் மாதம் 200 ரூபா கட்டிச் சேர்த்த காசு. எல்லோரும் வாசிக்கிற இடத்தில் பேசுவதுதான் முறை என்று பட்டது.

கூட்டத்துக்கு வராதவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் மரண உதவிச் சங்கத்தின் சேமநிதி 40 இலட்சம் இப்போது வங்கியில் நிலையான வைப்பில் இருக்கிறது. அதை முழுவதுமாக எடுத்து ஒரு யூனிட் டிரஸ்டில், அதாவது பலருடைய காசைச் சேர்த்துப் பங்கு வாங்கி, அவரவர் பங்கை யூனிட் என்று கணக்கு வைக்கிற நிதியத்தில், போடுவது நிர்வாகத்தின் யோசனை. அந்த நிதியம் கொழும்புப் பங்குச் சந்தையில் இருக்கிற பெரிய கம்பனிகளில் 15ஐ மட்டும் பொறுக்கி எடுத்து வாங்கி வைத்திருக்கும். சந்தைச் சுட்டெண்ணில் (பங்குகளின் விலை மொத்தமாக ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் எண்) இருப்பதையெல்லாம் வாங்காது. எதை வாங்குவது, எதை எப்போது விற்பது என்று ஒரு முகாமையாளரும் அவருடைய சிறு குழுவும் முடிவெடுப்பார்கள். அடுத்த கூட்டத்தில் இதற்குத் தீர்மானம் போடப் போகிறீர்கள்.

நான் பங்குச் சந்தைக்கு எதிரி இல்லை. ஆறு வருடம் இந்தச் சங்கத்தின் பொருளாளராக இருந்தவள் நான். நிலையான வைப்பை விட்டு ஒரு சதம் வெளியே போகக்கூடாது என்று அந்த நாளில் பிடிவாதம் பிடித்ததும் நான்தான். அது முழுக்கச் சரியில்லை என்பதை 2022 எனக்குக் காட்டியது.

அந்த வருடம் ஜூலையில் பாலையூற்றில் நம் அங்கத்தவர் ஒருவர் இரவில் காலமானார். பெற்றோல் இல்லாத காலம். காலையில் நானும் மகனும் இரண்டு சைக்கிளில் காசு உறையை எடுத்துக்கொண்டு போனோம். அப்போது நாம் கொடுத்தது 40,000 ரூபா. அவருடைய மனைவி விறாந்தையில் இருந்து உறையைப் பிரித்து ஒவ்வொரு தாளாக எண்ணினார். எண்ணி முடித்துவிட்டுப் பக்கத்தில் நின்ற சவப்பெட்டிக்காரரைப் பார்த்தார். அவர் பெட்டிக்கு மட்டும் 65,000 என்றார், சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். முந்தின வருடம் அதே மாதிரிப் பெட்டிக்கு நான் என் கையால் 30,000 கொடுத்திருக்கிறேன். லான்ட்மாஸ்டரில் ஏற்றிச் சுடலைக்குக் கொண்டுபோக டீசல் கேட்டுப் பொடியன்கள் மூன்று வீட்டுக்கு அலைந்தார்கள். எங்கள் உறை அந்த விறாந்தையில் எவ்வளவு சின்னதாகிப் போனது என்பதை நான் மறக்கவில்லை.

2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. நம் வங்கிப் புத்தகத்தில் ஒரு ரூபா குறையவில்லை, வட்டிகூட ஏறியது. ஆனால் இரண்டு வீட்டுக்கு உதவக்கூடிய காசு ஒரு வீட்டுக்குத்தான் காணும் என்றாகிவிட்டது. ஆகவே "வட்டியை மட்டும் நம்பியிருந்தால் சங்கம் மெல்ல மெல்லக் கரைஞ்சு போயிடும் அக்கா" என்று செயலாளர் தம்பி சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன். விலைவாசி ஏறும்போது தாமும் விலையை ஏற்றக்கூடிய கம்பனிகளில் ஒரு பங்கு வைத்திருப்பது நீண்ட காலத்தில் புத்தியான காரியம். என் சண்டை எந்தக் காசை, எவ்வளவு காலத்துக்கு, யார் பொறுப்பில் என்பதில்தான்.

இன்னொன்றையும் தெளிவாக்கிவிடலாம். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது சிலர் "சீட்டுக்காசு மாதிரி ஓடிப் போயிடும்" என்று பேசிக்கொண்டார்கள். அப்படி இல்லை. யூனிட் டிரஸ்டுகள் நம் நாட்டில் 1991 முதல் இருக்கின்றன, பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதியோடு நடக்கின்றன, 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இப்போது அந்த ஆணைக்குழுவுக்கு அடிப்படை. நிதியத்தை நடத்துகிற கம்பனி வேறு, வாங்கிய பங்குகளைப் பொறுப்பில் வைத்திருக்கிற நம்பிக்கைப் பொறுப்பாளர் வேறு. அந்தப் பொறுப்பாளர் பெரும்பாலும் ஒரு வங்கி. முகாமைக் கம்பனி நாளைக்கே மூடப்பட்டாலும் பங்குகள் அதன் சொத்து ஆகாது. காசு ஓடிப்போகிற பயம் இதில் பெரிதாக இல்லை. அதன் பெறுமதி இறங்கலாம், அதுவும் நமக்குக் காசு தேவைப்படுகிற அதே கிழமையில் இறங்கலாம். நாம் பேச வேண்டியது அந்தப் பயத்தைப் பற்றி.

அன்றைக்குத் தந்த வர்ணத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்து, பேத்தியின் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். நிதியத்தின் வளர்ச்சியைக் காட்டுகிற பச்சைக் கோடு 2023 ஜனவரியில் தொடங்குகிறது. அங்கிருந்து மேலே, மேலே. கோடு பொய் சொல்லவில்லை. ஆனால் ஏன் 2023 ஜனவரி? அப்போது கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 8,500 அளவில் கிடந்தது. 2024 முடியும்போது 15,000ஐத் தாண்டிவிட்டது, 2025ல் 20,000ஐயும் தாண்டியது. அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கிற திறைசேரி உண்டியலின் வட்டி 2022 கடைசியில் 30 வீதத்துக்கு மேல் இருந்தது, இரண்டே வருடத்தில் 8, 9 வீதத்துக்கு வந்தது. வட்டி அப்படி விழுந்தால் வைப்பில் கிடந்த காசெல்லாம் பங்குக்கு ஓடி வரும், சந்தை முழுக்க ஏறும். அந்த மூன்று வருடத்தில் கண்ணை மூடிக்கொண்டு 15 பெரிய கம்பனிகளைத் தொட்டவருக்கும் நல்ல லாபம் வந்திருக்கும். இந்த முகாமையாளர் கெட்டிக்காரரா என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் சுட்டெண்ணின் கோடு இல்லை. அதைக் கேட்டு வாங்குங்கள். கம்பனிகள் தங்கள் லாபத்தில் பங்குக்காரருக்குக் கொடுக்கிற பங்கிலாபத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட சுட்டெண்ணின் கோடு வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

அடிமட்டத்தை இடது பக்கம் நகர்த்தினால் என்ன தெரியும்? 2022 ஜனவரியில் சுட்டெண் 13,000ஐத் தாண்டி நின்றது. அந்த ஏப்ரல் முடிவதற்குள் 8,000க்குக் கீழே. நான்கு மாதத்தில் 40 வீதத்துக்கு மேல் போய்விட்டது. மறுபடி 13,000ஐப் பார்க்க 2024ன் கடைசி மாதங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னும் பின்னால் போங்கள். யுத்தம் முடிந்த உற்சாகத்தில் 2011 பெப்ரவரியில் சுட்டெண் 7,800ஐத் தொட்டது. பிறகு அந்த உயரத்தைத் தாண்டியது 2021 ஜனவரியில். பத்து வருடம்! அந்தப் பத்து வருடத்தில் பங்கிலாபம் வந்தது உண்மைதான், ஆனால் 2011 தையில் காசு போட்ட ஒரு சங்கம் அத்தனை வருடமும் ஒவ்வொரு கூட்டத்திலும் அங்கத்தவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

2022 ஏப்ரல் 18 தொடங்கி ஒரு கிழமை சந்தையையே மூடி வைத்தார்கள், அதையும் மறந்துவிடக் கூடாது. நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த மாதம். சந்தை மூடியிருக்கும்போது பங்கை விற்க முடியாது, விற்க முடியாவிட்டால் யூனிட்டைக் காசாக்க நினைப்பவர் காத்திருக்கத்தான் வேண்டும். நம்மிடம் வருகிறவர் காத்திருக்க முடியாதவர். வீட்டில் பிரேதத்தை வைத்துக்கொண்டு வருகிறவர்.

இப்போது அந்த 15 என்ற எண்ணுக்கு வருகிறேன், இதில்தான் கூட்டத்தில் நிறையக் குழப்பம் இருந்தது.

குறைந்த கம்பனிகளை வாங்கி ஆழமாகத் தெரிந்துவைத்திருப்பது கெட்ட யோசனை இல்லை. 60 கம்பனியை வாங்கி வைத்திருக்கிற நிதியம் கிட்டத்தட்டச் சந்தையையே வாங்கி வைத்திருக்கிறது, அப்படிப்பட்ட ஒன்றுக்கு நாம் தெரிவுக் கட்டணம் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. முகாமையாளருக்குத் திறமை இருக்கிறது என்றால் அது தெரியவேண்டிய இடம் இப்படிப்பட்ட சிறிய பட்டியல்தான். அமெரிக்காவில் 1926 முதல் 2016 வரை சந்தைக்கு வந்த சுமார் 25,000 கம்பனிகளை ஹென்ட்ரிக் பெசெம்பிண்டர் என்ற பேராசிரியர் ஆராய்ந்திருக்கிறார். திறைசேரி உண்டியலுக்கு மேலாகச் சேர்ந்த செல்வம் முழுவதையும் கொண்டுவந்தவை அவற்றில் 4 வீதமான கம்பனிகள் என்று அவர் கண்டார். அந்தக் கொஞ்சக் கம்பனிகள் உங்கள் பட்டியலில் இருந்தால் பெரிய யோகம். இல்லாமல் போனால்? 15 மட்டும் வைத்திருப்பவருக்கு அவை தப்பிப் போகிற வாய்ப்பு அதிகம்.

"பெரிய கம்பனிதானே, என்ன ஆகப் போகுது" என்று முன்வரிசையில் ஒரு ஐயா கேட்டார். பெரிய கம்பனியும் விழும், அதைப் பிடித்துவைத்திருந்த மிகத் திறமையான முகாமையாளரும் சேர்ந்து விழுவார். செக்கோயா என்று அமெரிக்காவில் ஒரு நிதியம். 1970ல் தொடங்கியது. வாரன் பஃபெட் தன் பழைய கூட்டுமுதலீட்டைக் கலைத்தபோது, தன்னை நம்பியிருந்தவர்களுக்கு இவரிடம் போங்கள் என்று கைகாட்டிய பில் ருவேன் என்பவர் தொடங்கிய நிதியம் அது. கொஞ்சப் பங்குகள்தான் வைத்திருப்பார்கள், நன்றாக ஆராய்ந்துதான் வாங்குவார்கள், பல பத்து வருடங்கள் சந்தையை முந்தி ஓடினார்கள். வாலியன்ட் என்ற மருந்துக் கம்பனியை 2010ல் வாங்கினார்கள். அது ஏறியது, இன்னும் ஏறியது, 2015ல் நிதியத்தின் மொத்தப் பெறுமதியில் 30 வீதத்துக்கு மேல் அந்த ஒரே கம்பனி ஆகிவிட்டது. யாரும் குறைக்கவில்லை. மருந்து விலையை ஏற்றி ஏற்றியே வளர்ந்த கம்பனி அது என்ற குற்றச்சாட்டும் கணக்கு வழக்குச் சந்தேகமும் கிளம்பியபோது, 260 டாலருக்கு மேல் போன பங்கு ஒரு வருடத்துக்குள் 30 டாலருக்கும் கீழே வந்தது. நிதியத்தின் பணிப்பாளர் சபையிலிருந்து இரண்டு பேர் விலகினார்கள். நீண்ட காலம் தலைமை தாங்கியவர் 2016ல் போய்விட்டார். இவர்கள் கள்ளர்களும் இல்லை, மடையர்களும் இல்லை. தாங்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருந்த ஒன்றின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை அளவு மீறிப் போனது. ஆகவே கொழும்புத் தம்பியிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: ஒரு கம்பனியின் பங்கு ஏறி ஏறி நிதியத்தில் எத்தனை வீதம் ஆகும்வரை விட்டுவைப்பீர்கள்? அதற்கு எழுத்தில் ஓர் எல்லை இருக்கிறதா?

நம் ஊரில் நின்றே பார்க்கலாம். சீனன்குடாப் பக்கம் போனால் இரண்டு பெரிய கம்பனிகளின் இடங்கள் கண்ணில் படும். ஒன்று லங்கா ஐஓசி பாவிக்கிற எண்ணெய்த் தாங்கிகள், வெள்ளைக்காரன் காலத்துத் தாங்கிகள், அவற்றில் ஒன்று 1942 ஏப்ரலில் ஜப்பான்காரனின் தாக்குதலில் அழிந்தது என்று நம் அப்பாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மற்றது டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை. இரண்டும் கொழும்புச் சந்தையில் இருக்கிற கம்பனிகள். "எங்கட ஊர்க் கம்பனி, கண்ணால பாக்கிறம்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது நிறையப் பேர் தலையாட்டினார்கள். 2022ல் என்ன நடந்தது? எரிபொருள் தட்டுப்பாட்டில் லங்கா ஐஓசியின் பங்கு பல மடங்கு ஏறியது. அதே வருடம் நாட்டில் கட்டட வேலை எல்லாம் நின்றுபோய் டோக்கியோ சீமெந்தின் பங்கு நன்றாக இறங்கியது. ஒரே குடாவில் இருக்கிற இரண்டு கம்பனி, ஒரே வருடம். 2021ல் இரண்டையும் தினமும் கடந்து வேலைக்குப் போனவர்களில் யாருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருந்தது? 15 மட்டுமே வைத்திருக்கிற நிதியத்தில் இதில் எது இருந்தது, எது இல்லை என்பதே அந்த வருடக் கணக்கை மாற்றிவிடும்.

கொழும்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய கம்பனி என்று பொறுக்கினால் வங்கிகள் நிறைய வந்து விழும். 15ல் ஐந்து வங்கி இருந்தால் அது ஐந்து தனித்தனிக் கம்பனி மாதிரி நடக்காது. அரசாங்கம் கடனைக் கட்டுமா, வட்டி ஏறுமா இறங்குமா என்ற ஒரே கேள்வியில் ஐந்தும் சேர்ந்தே ஆடும். நம் நிலையான வைப்பும் அதே வங்கிகளில்தானே இருக்கிறது. அப்புறம், பெரிய கம்பனி என்றாலும் சந்தையில் கைமாறுகிற பங்கு கொஞ்சம்தான். லங்கா ஐஓசியில் முக்கால்வாசி இந்தியன் ஒயில் கையில், மிச்சக் கால்வாசிதான் மற்றவர்களுக்கு. நல்ல நாளில் இது ஒரு விஷயமே இல்லை. எல்லோரும் ஒன்றாக விற்க ஓடுகிற நாளில் விலை சட்டென்று விழும். யூடியூப்பில் இந்தியத் தமிழர்கள் மியூச்சுவல் ஃபண்ட் (நம் யூனிட் டிரஸ்ட் மாதிரி) பற்றிப் பேசுவதை நம் பிள்ளைகள் நிறையப் பார்க்கிறார்கள், நல்லது, நானும் பார்க்கிறேன். அங்கே குவிந்த நிதியம் என்றால் 30 பங்குக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, பெரிய கம்பனி என்றால் முதல் 100 கம்பனி என்று அந்த நாட்டின் சந்தையைக் கண்காணிக்கிற செபி வரையறுத்து வைத்திருக்கிறது. அந்த 100 கம்பனிச் சந்தை வேறு, நம் சந்தை வேறு. அங்கே சொல்வதை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

சரி, கட்டணம். கையேட்டில் சின்ன எழுத்தில் முகாமைக் கட்டணம், பொறுப்பாளர் கட்டணம் எல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு 2 வீதத்துக்குக் கிட்ட வருகிறது. 40 இலட்சத்துக்கு அது 80,000 ரூபா. இப்போது நாம் ஒரு மரணத்துக்குக் கொடுப்பது 75,000. அதாவது வருடம் ஒரு வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய காசு கட்டணமாகப் போகும், லாபம் வந்தாலும் போகும், நட்டம் வந்தாலும் போகும். கரைவலையில் மீன்பாடு இல்லாத நாளிலும் செலவு செலவுதான் என்பது திருக்கடலூர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்காவில் பெரிய கம்பனிப் பங்குகளைத் தெரிந்து வாங்கும் நிதியங்களில் 15 வருடக் கணக்கில் பத்துக்கு ஒன்பது அளவில் சுட்டெண்ணிடம் தோற்றுப் போகின்றன, அதற்கு முதல் காரணம் கட்டணம். கொழும்பு சின்னச் சந்தை, ஆராய்கிறவர்கள் குறைவு, ஆகவே கெட்டிக்கார முகாமையாளருக்கு இங்கே கொஞ்சம் இடம் இருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கெட்டித்தனம் முதலில் தன் 2 வீதத்தை உழைத்துக் கொடுக்க வேண்டும், பிறகுதான் நமக்கு.

இவ்வளவு நேரம் நிதியத்தைப் பற்றிப் பேசினேன். உண்மையில் என் பெரிய கவலை நம்மைப் பற்றியது.

நம் கணக்கைப் பாருங்கள். சந்தா வருடத்துக்கு 7 இலட்சத்து 20 ஆயிரம் அளவில் வருகிறது. வைப்பு வட்டி, வரி போக, 3 இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வருடத்துக்கு 10 மரணம் என்றால் ஏழரை இலட்சம், சந்தாவே கிட்டத்தட்டப் போதும். 13 மரணம் நடந்தால் 9 இலட்சத்து 75 ஆயிரம், இரண்டரை இலட்சம் துண்டு விழும், அதை இன்றைக்கு வட்டி தாங்கிக்கொள்கிறது. கோவிட் வந்த 2021ல் நாம் 19 உறை கொடுத்தோம். முழுக் காசையும் நிதியத்தில் போட்டால் அந்த வட்டி நின்றுவிடும், துண்டு விழுகிற ஒவ்வொரு முறையும் யூனிட்டை விற்க வேண்டும். சந்தை 40 வீதம் இறங்கிய வருடமும் 19 மரணம் நடந்த வருடமும் ஒன்றாக வந்தால் 40 இலட்சம் 24 இலட்சமாக நிற்கும், அதிலும் அடிமட்ட விலைக்கு விற்று விற்று உறை போட வேண்டும். பிறகு சந்தை ஏறினாலும் விற்ற யூனிட் திரும்ப வராது. 40 வீதம் இறங்கினது பழைய இடத்துக்கு வர 67 வீதம் ஏற வேண்டும், அது விற்காமல் வைத்திருப்பவருக்கு மட்டும். கெட்ட காலங்கள் தனித்தனியாக வருவதில்லை என்று நமக்குத் தெரியும். 2022ல் சந்தை விழுந்ததும் பெட்டி விலை ஏறியதும் மருந்து இல்லாமல் வயதானவர்கள் போனதும் ஒரே வருடம்தான்.

இதைவிடப் பெரியது இன்னொன்று. இப்படிப்பட்ட நிதியத்தை நடத்துபவர் ஒரு கம்பனியை ஏழு, எட்டு வருடத்தை நினைத்து வாங்குகிறார். இடையில் இரண்டு, மூன்று வருடம் சுட்டெண்ணைவிடப் பின்தங்கி நிற்பது அவருடைய தொழிலில் சாதாரணம். நம் நிர்வாகக் குழு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாறுகிறது. இன்றைக்கு நீங்கள் ஆராய்ந்து, நம்பி, போடுகிறீர்கள். 2 வருடம் கழித்து யூனிட் விலை இறங்கிக் கிடக்கிற நேரத்தில் புதிய குழு வரும். அவர்களுக்கு இந்தப் பேச்சு எதுவும் தெரியாது, "முந்தின ஆக்கள் காசை அழிச்சுப் போட்டினம்" என்று மண்டபத்தில் ஒருவர் எழும்புவார், அன்றைக்கே விற்றுவிடத் தீர்மானம் போடுவார்கள். அந்தக் குழுவில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். முகாமையாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நாம் அடியில் விற்றுவிட்டு வந்தால் அவருடைய திறமையால் நமக்கு ஒரு சதமும் இல்லை. கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வாடைக்காலம் முழுக்க வலையைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டுப் பொறுத்திருப்பார், அவருக்கு வேறு கையிருப்பு இருக்கிறது. அன்றன்றைய பங்கை வாங்கிக்கொண்டு போய் அரிசி வாங்குகிறவரால் அப்படிப் பொறுக்க முடியாது. நம் சங்கம் இரண்டாவது ஆள்.

ஆகவே என் வேண்டுகோள். மூன்று வருட மரணக் கொடுப்பனவை, 2021 மாதிரிக் கெட்ட வருடம் ஒன்றையும் உள்ளே சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 30 இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். அதை வைப்பிலும் திறைசேரி உண்டியலிலும் அப்படியே விடுங்கள், ஒன்றையும் தொடாதீர்கள். மிச்சம் 8 இலட்சம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கில் போடுவதென்றால் அதைப் போடலாம், அதையும் ஒரே நாளில் இல்லாமல் இரண்டு வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு இலட்சமாக. பிறகு சந்தா மிச்சத்தில் எவ்வளவு சேருகிறதோ அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம். 8 இலட்சத்தில் பணவீக்கத்தை வெல்ல முடியாது என்று செயலாளர் தம்பி சொல்வார், அது உண்மை. அதற்கு 200 ரூபாச் சந்தாவை 250 ஆக்குவதைப் பற்றிப் பேச வேண்டும். அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் விருப்பம் இல்லை, எடுக்கிறவர் அடுத்த தேர்தலில் தோற்பார் என்ற பயம். அந்தச் சுமையை 15 கம்பனிகளின் தலையில் வைக்கப் பார்க்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

காசு போகிற முன்னமே யாப்பில் ஒரு திருத்தம் வேண்டும். பங்கில் போட்ட தொகையை ஏழு வருடத்துக்குள் விற்பதென்றால் நிர்வாகக் குழு தனியாக முடிவெடுக்கக் கூடாது, பொதுக்கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று எழுதுங்கள். வருடம் ஒரு முறை யூனிட்டின் விலையைச் சுட்டெண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அறிக்கையில் போடுங்கள், வைப்பு வட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், அது வேறு பொருள். ஏன் போட்டோம், எதைப் பார்த்துப் போட்டோம், எந்த நிலை வந்தால் வெளியேறுவோம் என்பதை இரண்டு பக்கத்தில் எழுதிக் கூட்டக் குறிப்பேட்டில் ஒட்டுங்கள். புதிய குழு அதை வாசித்துக் கையெழுத்து வைத்துத்தான் பொறுப்பெடுக்க வேண்டும்.

கொழும்புத் தம்பியிடம் கேட்க வேண்டியவற்றில் பெரிய பங்கின் எல்லையையும் சுட்டெண்ணின் கோட்டையும் மேலே சொல்லிவிட்டேன். முகாமையாளர் அந்த நிதியத்தில் எத்தனை வருடமாக இருக்கிறார், அந்தப் பச்சைக் கோட்டைப் போட்டது அவரா முன்பு இருந்தவரா, அவருடைய சொந்தக் காசு அதில் இருக்கிறதா, கடந்த மூன்று வருடத்தில் பிழையாகப் போன ஒரு பங்கைக் காட்டி ஏன் பிழையானது என்று சொல்வாரா? கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலை நான் கவனமாகக் கேட்பேன். பிழையே இல்லை என்று சொன்னால் நான் ஒரு ரூபாவும் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று, நமக்குத் தந்த கையேடு முழுக்க ஆங்கிலம். நம் அங்கத்தவரில் பாதிப் பேர் கடற்தொழில், கூலி, சிறு கடை. தாங்கள் வாசிக்க முடியாத ஒன்றுக்குக் கையுயர்த்தச் சொல்வது நியாயம் இல்லை. தமிழில் தரச் சொல்லுங்கள். தர முடியாது என்றால் முக்கியமான பக்கங்களை நான் எழுதித் தருகிறேன், கட்டணப் பக்கத்தையும் ஆபத்துகள் பற்றிய பக்கத்தையும் ஏற்கனவே தொடங்கிவிட்டேன்.

செயலாளர் தம்பி, இதை வாசித்துவிட்டு அக்கா என்னைக் குறை சொல்கிறா என்று நினைக்க வேண்டாம். 30 வருடத்தில் சேமநிதியைப் பற்றி யோசித்து ஒரு வழியோடு வந்த முதல் ஆள் நீங்கள். உங்களுக்கு முன் இருந்த நான் அதைச் செய்யவில்லை. தீர்மானத்தை ஒரு கூட்டம் தள்ளி வையுங்கள், அதற்குள் இந்தக் கணக்கை உட்கார்ந்து பார்க்கலாம். 2016லிருந்து ஒவ்வொரு மாதமும் எத்தனை உறை போனது என்று நான் எழுதி வைத்த கொப்பி வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நீங்களும் பொருளாளர் தங்கச்சியும் வந்தால் மூன்று பேருமாகக் கூட்டிப் பார்க்கலாம்.

அன்புடன்,
முன்னாள் பொருளாளர்,
திருகோணமலை